எவ்வாறு வந்தது என்னும் வினா

தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாயை இரவும் பகலும் லாரிகள் கடக்கின்றன. எயிட்ஸ் என்ற பேச்செழுந்தால் நம் விரல் முதலில் லாரி ஓட்டுநரை நோக்கியே நீள்கிறது. நோயுற்றவரை நலம் வினவுமுன் "எவ்வாறு வந்தது?" என்கிறோம். மருத்துவர்க்குரிய அவ்வினா நமக்கும் உரியதுதானா?

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்நாட்டில் இக்கிருமியை முதன்முதலாகக் கண்டறிந்தனர். காவல் இல்லத்துப் பெண்களிடம் எடுத்த இரத்தம் சோதனைக்காக ரயிலில் வேலூர் சென்றது. எதற்கென்று அப்பெண்களிடம் சொல்லப்படவில்லை. நாடு விழித்தது அவர்களால். பழி சுமந்தவர்களும் அவர்களே! இசைவின்றிச் சோதிக்கலாகாது என்று சட்டம் இயற்ற 2017 ஆயிற்று. சட்டமோ திண்ணைப் பேச்சுக்குள் நுழைவதில்லை.

2004 முதல் அரசு மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. அதைத் தவறாது உண்டு, குருதியில் கிருமி தென்படாத நிலையை எய்தியவரிடமிருந்து உடலுறவின் வழியே நோய் பரவுவதில்லை என்பது மருத்துவம் ஐயமற நிறுவிய உண்மை. ஆனால் மருந்துக்கு முன் சோதனை. சோதனைக்கு முன் துணிவு.

கணவனால் நோயுற்ற மனைவியைக் குற்றமற்றவள் என்று இரங்குகிறோம். அவ்விரக்கத்திலும் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறதே! மற்றவர்கள் குற்றவாளிகள் என்றல்லவா அதன் பொருள்? புறம் பேசுதலும் பிறர் குறை துருவுதலும் நமக்கு விலக்கப்பட்டவை. எனினும், அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்து வாயில்வரை வந்த ஒருவர், நம் மஹல்லாவினர் எவரேனும் கண்டுவிடுவரோ என்றஞ்சித் திரும்பிப் போகிறார் எனில், அவர் அஞ்சியது நோயையா, நம்மையா?