சாதனை: வழியும் பேறும்

பள்ளி மேடைகளிலும் நாளிதழ்ச் செய்திகளிலும் ‘சாதனை’ என்னும் சொல் இன்று எட்டிய முடிவையே குறிக்கிறது. மாநில அளவில் முதலிடம், மாவட்டப் போட்டியில் தங்கம், பொதுத்தேர்வில் நூற்றுக்கு நூறு என்பன சாதனைகளாக எண்ணப்படுகின்றன. சமய நூல்களிலோ அச்சொல்லுக்கு நேர்மாறான பொருள் உண்டு. அங்கே சாதனை என்பது பேற்றை நோக்கி நாள்தோறும் செய்யப்படும் பயிற்சி. அதைச் செய்பவன் சாதகன். அதனால் அடையப்படுவது சாத்தியம். விடியுமுன் எழுந்து சுரம் பிடிக்கும் பாடகரின் உழைப்பை ‘சாதகம்’ என்று இசையுலகம் இன்றும் அழைப்பதில் அப்பழைய பொருள் உயிரோடிருக்கிறது. வைணவர்களின் வழக்கிலோ ‘சாதித்தல்’ என்பதற்கு அருளிக் கொடுத்தல் என்று பொருள். கோயிலில் அர்ச்சகர் தீர்த்தம் சாதிக்கிறார், அடியவர் இரு கைகளையும் குவித்து அதை ஏற்கிறார். பயிற்சி, கொடை, வெற்றி என்னும் மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பதால், ஒரு மாணவி பரிசு பெறும்போது அவளுக்கு உண்மையில் கிடைப்பது இம்மூன்றில் எது என்னும் கேள்வி சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடாமல் மெய்யியலுக்குள் நுழைந்துவிடுகிறது.

அக்கேள்வியை எழுப்பிப் பார்க்க ஏற்ற இடம், தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் காலாண்டுத் தேர்வுக்கும் அரையாண்டுத் தேர்வுக்கும் இடையே வரும் நெருக்கடியான வாரம். திங்கட்கிழமைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு என்பன முடிந்தபின், குறுவட்டப் போட்டிகளில், அதாவது அருகிலுள்ள சில பள்ளிகள் சேர்ந்து முதல் கட்டமாக நடத்தும் விளையாட்டுப் போட்டிகளில், வென்றவர்களின் பெயர்கள் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுகின்றன. 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளுக்கெனத் தொடங்கப்பட்ட கலைத் திருவிழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக ஏறிச்செல்வதாலும், அதன் உச்சியில் கலையரசன், கலையரசி என்னும் பட்டங்கள் காத்திருப்பதாலும், பறையும் சிலம்பும் களிமண்ணும் வகுப்பறைகளுக்குள் வந்துவிடுகின்றன. அறிவியல் கண்காட்சிக்கான தெர்மாகோல் துகள் தாழ்வாரமெங்கும் ஒட்டிக்கொண்டிருக்க, அதே தாழ்வாரத்தின் மறுமுனையில் பத்தாம் வகுப்பினர் அலகுத் தேர்வு எழுதுகின்றனர். நடனக் குழுவில் இருக்கும் மாணவி, கணுக்காலில் கட்டிய சலங்கையை அவிழ்க்க நேரமில்லாமல், அது ஒலிக்காதபடி காலை மெல்ல ஊன்றித் தேர்வறைக்குள் நடந்து வந்து அமர்கிறாள்.

இவ்வளவு பரபரப்பும் உள்ளத்துக்கு ஆகுமா என்று கேட்கும் மரபு பழையது. ‘பள்ளி’ என்னும் தமிழ்ச் சொல்லே அக்கேள்வியைச் சுமந்திருக்கிறது. மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், கி.மு. 2-ஆம் நூற்றாண்டளவில் வெட்டப்பட்டவை என்று அறிஞர்களால் கருதப்படுபவை, சமண முனிவர்களின் உறைவிடத்தைப் பள்ளி என்று குறிக்கின்றன. படுத்துறங்கும் இடமும் பள்ளியே. துறவியர் தங்கிய இடங்களில் கல்வியும் நடந்ததால் அச்சொல் கல்விக்கூடத்தின் பெயராயிற்று என்று விளக்குவர். ஐரோப்பிய மொழிகளில் கல்விக்கூடத்தைக் குறிக்கும் சொற்கள் பலவற்றுக்கு வேராக அமைந்த ‘ஸ்கோலே’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் ஓய்வு என்பதே முதற்பொருள். அந்த ஓய்வு சோம்பலைக் குறிப்பதன்று. பிழைப்புக்கான அலுவலிலிருந்து விடுபட்ட மனம், ஒன்றை அதன்பொருட்டே நோக்குவதற்குக் கிடைக்கும் விரிவை அது குறித்தது. தனித்தனியே வளர்ந்த இரு நாகரிகங்கள் கற்கும் இடத்துக்கு அமைதியின் பெயரையே வைத்திருப்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. அந்த அளவுகோலால் அளந்தால், ஆறு நாள்களுக்குள் ஐந்து விழாக்களை அடுக்கும் வாரம் பள்ளியின் இயல்புக்கே பகை என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் அத்தீர்ப்பு அவசரமானது. அமைதி என்பது வெளியில் நிகழ்ச்சிகள் இல்லாமையா, நிகழ்ச்சிக்கு நடுவே உள்ளம் ஓரிடத்தில் நிற்பதா என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

அத்தெளிவுக்கு வைணவ ஆசாரியர்களின் விவாதம் ஒன்று துணைசெய்கிறது. அடையும் வழியை ‘உபாயம்’ என்றும் அடையப்படும் பேற்றை ‘உபேயம்’ என்றும் பிரித்த அவர்கள், வீடுபேற்றில் மனித முயற்சிக்குப் பங்கு உண்டா என்று நூற்றாண்டுக்கணக்கில் வாதிட்டனர். வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார், இறைவன் அருள்வதற்கு உயிரின் பக்கத்தில் சிறியதாயினும் ஒரு முகாந்திரம் வேண்டும் என்றனர்; பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார், இறைவனே வழியும் பேறும் ஆவான் என்றும், முயற்சியை வழியாக எண்ணுவதே அருளுக்குத் தடை என்றும் கொண்டனர். தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி முன்னவர்க்கும், தாய் கவ்விச்செல்லும் இடமெல்லாம் செல்லும் பூனைக் குட்டி பின்னவர்க்கும் உவமையாயின. வீடுபேற்றைப் பற்றிய வாதத்தைப் பள்ளிப் பரிசுக்குப் பொருத்துவது பொருளைச் சிறுமைப்படுத்துவதாகத் தோன்றலாம். எனினும் இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட ஒன்று இங்கே பெரிதும் பயன்படுகிறது: பற்றுவது குட்டியே ஆனாலும் தாவுவது தாய். முயற்சியை எவ்வளவு உயர்த்திப் பேசினாலும், பேற்றைத் தன் உழைப்புக்கு உரிய கூலியாகக் கணக்கிட வடகலையும் இடம் தரவில்லை.

பள்ளியின் அந்த வாரத்தில், வெள்ளிக்கிழமை விளையாட்டு விழாவின் தொடர் ஓட்டத்தில், முயற்சியும் ஏற்பும் இவ்வாறு இணைவது கண்முன் நிகழ்கிறது. நால்வர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் அப்போட்டியில், ‘பேட்டன்’ எனப்படும், ஒரு சாண் நீளத்தைவிடச் சற்றே கூடுதலான உள்ளீடற்ற குழல் கைமாறுவதற்குச் சுண்ணாம்புக் கோடுகளால் எல்லை வரையப்பட்டிருக்கும். இன்றைய விதிப்படி அவ்வெல்லையின் நீளம் 30 மீட்டர். அந்த எல்லைக்குள் குழல் கைமாறிவிட வேண்டும். ஓடுபவரின் உடல் எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை, குழல் இருக்கும் இடமே கணக்கு. வாங்கப்போகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னே வருபவன் குறித்த அடையாளத்தைக் கடந்ததும் இவன் ஓடத் தொடங்குகிறான்; குரல் கேட்டதும் கையைப் பின்னுக்கு நீட்டி, உள்ளங்கையை விரித்து, விரல்களை ஆடாமல் வைத்திருக்கிறான். அந்தக் கணத்தில் அவனால் பற்ற முடியாது. கொடுக்கப்படுவதை ஏற்கத்தான் முடியும். தேடிப் பிடிக்க விரலைத் துழாவினால் குழல் நழுவிவிடும். முழு வேகத்தில் ஓடிக்கொண்டே முழுமையாகக் காத்திருக்கும் அந்தக் கையில் குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும் ஒன்றாகிவிடுகின்றன. மைதானத்தின் ஆரவாரத்தில் அந்தக் கை மட்டும் பள்ளி என்னும் சொல்லின் பழைய பொருளுக்குரிய அமைதியில் நிற்கிறது.

இத்தகைய காத்திருப்பைக் கல்வியின் உயிராகக் கண்டவர் பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய். 1909-இல் பாரிஸில் பிறந்து 1943-இல் மறைந்த அவர், பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளிகளில் மெய்யியல் கற்பித்தவர். 1942-இல் தம் நண்பரான டொமினிக்கத் துறவி ஒருவருக்காக, கிறித்தவ மாணவரை மனத்தில் கொண்டு, பள்ளிப் பாடங்களை இறையன்பின் நோக்கில் எவ்வாறு பயன்படுத்துவது என்பது பற்றிச் சிறிய கட்டுரை ஒன்றை எழுதினார். பள்ளிப் படிப்பின் உண்மையான பயன் கவனம் என்னும் ஆற்றலை வளர்ப்பதே என்பதும், வழிபாடு என்பது அதே கவனம் இறைவனை நோக்கித் திரும்புவதே என்பதும் அதன் மையக் கருத்து. ஆசிரியர் ‘கவனியுங்கள்’ என்றதும் மாணவர் புருவத்தைச் சுருக்கி, மூச்சைப் பிடித்து, தசைகளை இறுக்கிக்கொள்வதை அவர் வகுப்பறையிலேயே கண்டிருந்தார். அது கவனமன்று, வெறும் உடலிறுக்கம் என்றார். கவனம் என்பது எண்ணத்தை வெறுமையாக்கி, வரப்போகும் உண்மைக்கு இடம்விட்டு நிறுத்திவைப்பது. வடிவியல் கணக்கு ஒன்றுடன் ஒரு மணி நேரம் உண்மையான கவனத்தோடு போராடியவர் விடையைக் காணாவிட்டாலும் அந்த முயற்சி வீணாவதில்லை; அதன் பயன் ஒருநாள், கணக்கோடு தொடர்பே இல்லாத இடத்தில், பிறர் துன்பத்தைக் காணும் கண்ணாகவும் வந்து சேரலாம் என்று அவர் நம்பினார்.

அந்நம்பிக்கையை அவர் எளிதில் பெற்றுவிடவில்லை. அவருடைய அண்ணன் ஆந்த்ரே வெய், 1930 முதல் 1932 வரை அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்து, பின்னர் அந்நூற்றாண்டின் மாபெரும் கணிதவியலாளருள் ஒருவராக உயர்ந்தவர். அவருடைய மேதைமைக்கு முன்னே தம் அறிவு ஒன்றுமில்லை என்னும் ஏக்கம் பதினான்கு வயதில் சிமோனைச் சாவை விரும்பும் அளவுக்கு வாட்டியது. உண்மையை விரும்பி இடைவிடாது கவனம் செலுத்துவோர்க்கு இயற்கைத் திறன் இல்லாவிடினும் உண்மையின் கதவு திறக்கும் என்னும் உறுதி பல மாதத் துன்பத்துக்குப் பின்னரே அவருக்குள் பிறந்தது. பிற்காலத்தில் வடமொழி கற்றுப் பகவத்கீதையை மூலத்திலேயே பயின்ற அவருக்கு, செயலில் உரிமை உண்டு, அதன் பலனில் இல்லை என்னும் அந்நூலின் போதனை தம் பதினான்கு வயதுத் துயரத்துக்குக் கிடைத்த விடையாகவும் தோன்றியிருக்கக் கூடும்.

ஆயினும் இக்கருத்தைப் பள்ளியில் ஆறுதல் மொழியாகப் பயன்படுத்துவதில் இடர் உண்டு. பலனில் பற்று வேண்டா என்று சொல்வது பலனைப் பெற்றவர்க்கு எளிது. ஓட்டக் காலணி வாங்க இயலாத வீட்டிலிருந்து வருபவனுக்கு அதே சொல் அநீதியை மூடும் போர்வையாகிவிடலாம். திருவள்ளுவர் ஊழின் வலிமையை 38-ஆம் அதிகாரத்தில் அஞ்சத்தக்க உறுதியோடு நிறுவிவிட்டு, 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில், தளராது முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்கிறார். இவ்விரண்டையும் முரண் என்று ஒதுக்குவதைவிட, முன்னது பிறர் தோல்வியைக் காணும்போதும் பின்னது தன் கடமையை எண்ணும்போதும் நினைக்கத்தக்கவை என்று கொள்வது பொருத்தம். அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில், பிறவித் திறமை மட்டுமன்றி உழைக்கும் மனப்பாங்கும்கூடப் பெருமளவு குடும்பச் சூழலால் அமைவது, ஆகவே எவரும் தம் வெற்றிக்கு முழு உரிமை கொண்டாட இயலாது என்று வாதிட்டார். வள்ளுவர் ஊழ் என்றதன் ஒரு பகுதியைச் சமூக அமைப்பின் மொழியில் சொன்னதாகவே இதைக் கொள்ளலாம். தமிழ்நாடு அரசு 2017-இல் பொதுத்தேர்வுகளில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது இந்நோக்கில் நல்ல முடிவு. ஒரு மதிப்பெண் வேறுபாட்டில் ஒருவரைச் சாதனையாளராகவும் மற்றவரைப் பெயரற்றவராகவும் ஆக்கிய வழக்கம், சாதனையின் பயிற்சிப் பொருளை முற்றிலும் விழுங்கியிருந்தது.

பரிசளிப்பே கூடாது என்பது இதிலிருந்து பெறப்படுவதன்று. பரிசு வாங்க மேடையேறும் குழந்தையின் முகத்தில் தோன்றும் மலர்ச்சி உண்மையானது; ஊர் தன்னைக் கண்டது என்னும் மகிழ்ச்சி அது. பலநூறு பேர் படிக்கும் பள்ளியில் ஆண்டு முழுவதும் எவராலும் பெயர் சொல்லி அழைக்கப்படாத மாணவருக்கு அது முதல் அறிமுகமாகவும் அமையும். கேடு விளைவது, வாரத்தின் நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று நெருக்கி, எதற்கும் கவனம் தர இயலாத அளவுக்கு ஒரே பிள்ளைகள் மேடையிலிருந்து மைதானத்துக்கும் அங்கிருந்து தேர்வறைக்கும் விரட்டப்படும்போதுதான். சலங்கையோடு தேர்வெழுத வந்த மாணவிக்கு ஆடும்போது தேர்வும் எழுதும்போது தாளமும் மனத்தில் ஓடுமானால், அவள் இரண்டிலும் பரிசு பெற்றாலும் இரண்டையும் இழந்தவளாகிறாள். மாறாக, நிகழ்ச்சிகள் எத்தனை இருப்பினும் ஒவ்வொன்றுக்கும் முன்னே கையை விரித்துக் காத்திருக்க அவளுக்கு நேரம் இருந்தால், அந்த வாரமே அவளுக்குச் சாதகமாகிவிடும்.

குழல் நழுவிய அணியின் நிலையே இவற்றுள் மிகக் கடினமானது. நழுவவிட்டவரே அதை எடுக்க வேண்டும் என்பது விதி. மற்ற அணிகள் எல்லைக்கோட்டை நெருங்கும்போது, மைதானம் முழுவதும் பார்த்திருக்க, ஒருவன் மட்டும் குனிந்து மண்ணிலிருந்து அதை எடுக்கிறான். கவனத்தோடு செய்த முயற்சி வீணாகாது என்று அந்த மாலையில் அவனிடம் சொல்வதால் பயனில்லை. பதினைந்து வயதில் அது காதில் ஏறாது, ஏற வேண்டியதும் இல்லை. தவறிய பயிற்சிகளை நேராக நோக்கி, பிழை நேர்ந்த இடத்தைப் பொறுமையோடு ஆராய்வதை வெற்றியைக் காட்டிலும் மதிப்புடைய பாடமாக சிமோன் வெய் கருதினார். அடுத்த திங்கட்கிழமை மாலை, விழாப் பந்தல் பிரிக்கப்பட்ட மைதானத்தில், பாதி அழிந்த சுண்ணாம்புக் கோடுகளுக்கிடையே அதே நால்வரையும் அதே முப்பது மீட்டரில் நிறுத்தி, முதலில் நடந்தபடியும், பிறகு மெல்ல ஓடியபடியும், திரும்பிப் பாராமல் குழலைக் கைமாற்றச் சொல்லும் உடற்கல்வி ஆசிரியர், அக்கருத்தை விளக்காமலே கற்பிக்கிறார்.