மணிமுத்தாற்றில் இட்ட பொன்

பக்தி பாடுகிறவனுடைய நெஞ்சில் உறைகிறதா, பாட்டின் சொல்லில் உறைகிறதா, அல்லது அந்த மொழியும் தெய்வமும் அறியாத ஒருவன் தாளைப் பார்த்து வாசித்தாலும் அழியாதபடி ஸ்வரத்திலேயே தங்கியிருக்கிறதா என்னும் கேள்வி, இளையராஜாவின் 2005-ஆம் ஆண்டுத் திருவாசக இசைத்தொகுதியைக் கேட்கும்போதெல்லாம் என் உள்ளத்தில் எழுகிறது.

1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்து, தமையனார் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராய் மேடையேறி, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டுச் சங்கீதம் பயின்று, 1976-இல் 'அன்னக்கிளி'யால் புகழெய்தியவர் அவர். 1986-இல் தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாஹுக்கும் ஒருசேர ஓர் இசைத்தொகுதியைச் சமர்ப்பித்தார். 2025 மார்ச்சில் அவருடைய சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. மனத்தில் கேட்ட நாதத்தை, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய ஸ்வரமாகப் பிரித்து, நேரே தாளில் எழுதிவிடுவதே அவருடைய சிருஷ்டி முறை.

நம் சங்கீதத்துக்கோ மனோதர்மமே உயிர்; ஓதுவார்கள் மோகன ராகத்தில் உருகி ஓதிவரும் மாணிக்கவாசகரின் திருவாசகத்தை, சிவநாமம் அறியாத புடாபெஸ்ட் சிம்பொனி வாத்தியக்குழுவினர் எழுதியபடி வாசித்தால் அங்கே அருளுக்கு இடமேது என்று ஆசாரமுடைய ரசிகர் கேட்பது நியாயமே.

அக்கேள்விக்கு விடை தேடுகையில் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. இன்று விருத்தாசலம் எனப்படும் திருமுதுகுன்றத்தில், இறைவனிடம் பெற்ற பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்று பெரியபுராணம் கூறும். இடுமுன் அதிலிருந்து மச்சம், அதாவது மாதிரித் துண்டு, வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். ஆரூரில் உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடிய பிறகே அது மச்சத்தோடு ஒத்தது. திருவாசகத்தைத் தமிழாற்றில் இட்டு டான்யூப் கரையில் எடுத்தவரின் பொன்னையும் அப்படியே உரைத்துப் பார்க்கலாம். சிவபுராணப் பகுதியில் ஆங்கில அடிகள் குறுக்கிடும் இடத்தில் மாற்றுக் குறைகிறது என்பதே என் துணிபு. ஆனால், பாம்புக்கும் அஞ்சாத அடியவர் அன்பிலாரைக் கண்டு அஞ்சும் அச்சப்பத்தில், வாத்தியங்கள் பொங்கி எழுகையில், மாணிக்கவாசகரின் நடுக்கமே நம்மைப் பற்றிக்கொள்கிறது. அந்நிய விரல்கள் அங்கே தடையாக இல்லை.

எழுத்து அருளுக்கு விரோதி என்பதும் பொருந்தாது. திருவாசகத்தையே அடிகள் சொல்லச் சொல்லத் தில்லையம்பலவாணன் தன் கையால் ஏட்டில் எழுதினான் என்பதன்றோ நம் மரபு! உருகி எழுதியவன் ஒருவன், உருகிக் கேட்பவன் ஒருவன். இவர்களிடையே சிரத்தையோடும் சுத்தமாகவும் வாசிக்கிறவன், சமயம் அறியாதவனாயினும், அந்த உருக்கத்தைச் சேதமின்றிக் கொண்டுசேர்க்கிறான் என்றே நான் நம்புகிறேன்.

அன்பர்கள் முதலில் ஓர் ஓதுவார் வாயால் சிவபுராணத்தை முழுமையாகக் கேட்டுவிட்டு, அதன்பின் இத்தொகுதியைக் கேட்குமாறு வேண்டுகிறேன்.