ஆடுவார்க்கு ஆட்டம் இன்பமோ?

இளம் பருவத்திலேயே ஓர் ஆட்டத்திற் சிறந்து விளங்கும் பிள்ளைகளைக் காண்பார், 'இதன்கண் இப்பிள்ளைக்கு எத்துணை விருப்பம்!' என்று வியப்பது வழக்கம். திறமை உள்ளவிடத்து விருப்பமும் உளதாம் என்பது அவர் கருத்து. அவ்விரண்டும் பிரியாது உடனிகழ்வனவோ, அன்றித் தனித்தனி நிற்றலும் கூடுமோ என்பது ஆராய்தற்குரியது. இது வெறும் விளையாட்டுப் பற்றிய வினா அன்று. பிறர் கருத்தைத் தன் கருத்தாகக் கொண்டு வளர்ந்த ஓர் உயிர்க்குத் தனது என்னத்தக்க இன்பம் யாது என்னும் வினாவே ஈண்டு ஆட்டத்தின் வடிவில் வந்து நிற்கின்றது.

அமெரிக்க நாட்டு ஆந்திரே அகாசி என்பாரது வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாம். டென்னிஸ் என்னும் மட்டைப்பந்தாட்டத்தில் உலக முதலிடம் எய்தி, விம்பிள்டன் முதலிய நான்கு பெரும்போட்டிகளிலும் வாகை சூடி, அவற்றுள் எட்டு முறை பட்டம் பெற்றவர் அவர். 2006 ஆம் ஆண்டில் ஆட்டத்தினின்று ஓய்வு பெற்ற அவர், 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்று நூலில், அவ்வாட்டத்தைத் தாம் வெறுத்ததாகவே எழுதினார்.

அவர் தந்தையார் ஈரான் நாட்டிற் பிறந்தவர். 1948, 1952 ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் அந்நாட்டின் சார்பிற் குத்துச்சண்டை புரிந்தவர். பின்னர் அமெரிக்காவிற் குடியேறி லாஸ் வேகாஸ் நகரில் வாழ்ந்தார். பந்தெறியும் பொறி ஒன்றைத் தம் விருப்பிற்கேற்பத் திருத்தியமைத்து, ஏழு வயதுச் சிறுவனை அதன் எதிரே நிறுத்தினார். நாள் ஒன்றுக்கு 2,500 பந்துகள், கிழமைக்கு 17,500, ஆண்டிற்கு ஏறத்தாழப் பத்து இலட்சம். ஆண்டிற்குப் பத்து இலட்சம் பந்து அடிக்கும் பிள்ளையை வெல்வார் ஒருவரும் இலர் என்பது அவர் இட்ட கணக்கு. கணக்குப் பிழைத்ததில்லை. ஆயின், அப்பொறிக்கு அச்சிறுவன் இட்ட பெயர் 'டிராகன்', அஃதாவது தீக்கக்கும் பெரும்பாம்பு, என்பதனை அவர் அக்கணக்கிற் சேர்த்திலர். பதின்மூன்றாம் வயதில் மகன் புளோரிடா மாநிலத்துப் பயிற்சிக் கழகம் ஒன்றிற்கு அனுப்பப்பட்டான். பள்ளிப்படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது.

வெறுத்தான் ஒருவன் வெல்லுதல் யாங்ஙனம் எனின், அச்சமும் ஒரு பயிற்சியாளனே என்க. தந்தையின் சினத்திற்கு அஞ்சிய கையும் பந்தைப் பிழையாது அடிக்கும். அற்றேல், வென்றபோதேனும் இன்பம் பிறந்திலதோ எனின், பிறந்தது. ஆயினும் 1992 இல் விம்பிள்டன் பட்டம் வென்றபின் அவர் கண்டது, வெற்றியின் இன்பம் தோல்வியின் துன்பத்தளவு ஆழ்வதில்லை, அதனளவு நீடிப்பதுமில்லை என்பதே. ஆட்டத்தின் இன்பம் வேறு, வெற்றியின் இன்பம் வேறு. முன்னது ஆடும்பொழுதே உளதாவது. பின்னது ஆட்டம் முடிந்தபின் பிறர் முகத்தைப் பார்த்து உண்டாவது. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கருதியே பெற்றோர் பலர் மயங்குகின்றனர். அகாசியார் தம் வெறுப்பை ஸ்டெஃபி கிராஃப் அம்மையாரிடம் முதன்முதற் கூறியபோது, எல்லார்க்கும் அஃது இயல்புதானே என்பது போல அவர் நோக்கினராம். பெரும்போட்டிகளில் 22 பட்டம் பெற்ற அவ்வம்மையாரும் தம் தந்தையாரிடத்தே மிக்க இளமையில் மட்டை பிடிக்கப் பழகியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, பிள்ளையையே வினவி அறியலாகாதோ எனின், ஆகாது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பர் சித்தாந்த நூலார். செம்பூவின் அருகே வைத்த பளிங்கினை 'நின் நிறம் யாது?' என வினவின், சிவப்பு என்றன்றோ விடை வரும்? 'நினக்கு இவ்வாட்டம் விருப்பமோ?' என்பார்க்கு 'ஆம்' எனும் பிள்ளை பொய் கூறுகின்றிலன். தந்தையின் விருப்பம் தன்மேல் தோய்ந்து நிற்றலின், தன்னிறம் இன்னதென அறியமாட்டாது அங்ஙனம் கூறுகின்றான்.

பூவை அகற்றியவழியே பளிங்கின் நிறம் புலனாம். ஆஸ்திரேலிய நாட்டு ஆஷ்லி பார்ட்டி என்பார் 2011 ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதில், விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றவர். 2014 இல் அவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு அகன்றார். அடுத்த ஆண்டிற் கிரிக்கெட் அணி ஒன்றிற் சேர்ந்து ஆடினார். திறமையை வீணாக்குகின்றாள் என்று இரங்கினார் இரங்கியிருத்தல் கூடும். 2016 இல், திரும்பிவர விழைந்து திரும்பிவந்தார். 2019 இல் பிரெஞ்சுப் பட்டமும், 2021 இல் விம்பிள்டனும், 2022 சனவரியில் தம் நாட்டுப் பட்டமும் பெற்று, அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், இருபத்தைந்து வயதில், உலக முதலிடத்தில் இருந்தபடியே ஓய்வு பெற்றார். போனதும் வந்ததும் மீண்டும் போனதும் அவர் தம் விருப்பாலேயே நிகழ்ந்தன. அவ்விடைக்காலத்து ஆட்டத்தை அவர் விரும்பி ஆடினார் என்று ஐயமின்றிக் கூறலாம்.

ஈண்டு ஒரு தடை எழும். வற்புறுத்தல் இன்றிக் கல்வி ஏது? நிகண்டும் நன்னூலும் நெட்டுருச் செய்த சிறுவர் விரும்பியோ செய்தனர்? பின்னாளில் அவற்றின் சுவை உணர்ந்து ஆசிரியரை வாழ்த்துவார் பலர் அல்லரோ? இத்தடை வலியுடையது, எளிதில் தள்ளற்பாலதன்று. ஆயினும், பிள்ளை தானே தேர்ந்து கொள்ளும் நிலைக்கு அவனைக் கொண்டுசேர்க்கும் வற்புறுத்தல் ஒன்று. தனக்குக் கிட்டாத புகழை அவன் கையாற் பறித்துக்கொள்ளும் வற்புறுத்தல் மற்றொன்று. முன்னது ஒருகாலத்து முடியும், பின்னது முடிவதில்லை. புறத்தே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அதே விடியல், அதே பயிற்சி, அதே கண்டிப்பு. வேறுபாடு அறிதற்கு வழி ஒன்றுண்டு. அப்பிள்ளை 'இன்று வேண்டா' என்று அச்சமின்றிச் சொல்ல இயலுமோ என நோக்குக. 'வேண்டா' எனல் இயலாத இல்லத்தில் 'வேண்டும்' எனும் சொற்குப் பொருளில்லை.

அகாசியார்க்கு அவ்வுரிமை காலந்தாழ்ந்தே வந்தது. 1997 இல் அவர் உலக வரிசையில் 141 ஆம் இடத்திற்கு வீழ்ந்தார். விட்டுவிடுக, இன்றேல் அடிதொட்டுத் தொடங்குக என்று பயிற்சியாளர் கூறினார். விட்டுவிடுதற்குத் தடையாவார் ஒருவரும் அந்நாளில் இலர். அவர் தொடங்குதலைத் தேர்ந்தார். கூட்டம் அற்ற சிறு போட்டிகளிற் போய் ஆடினார். 1999 இல் அதுகாறும் கிட்டாதிருந்த பிரெஞ்சுப் பட்டத்தை வென்றார். 2001 இல், கல்வியைப் பாதியில் இழந்த அவரே, லாஸ் வேகாஸ் நகரத்து எளிய பிள்ளைகட்கு ஒரு பள்ளியைத் திறந்துவைத்தார். அப்பள்ளியின் பொருட்டு ஆடிய பிற்காலத்து ஆட்டம் தமக்குப் பொருளுடையதாயிற்று என்கின்றார். அந்நூலின் இறுதியில் ஓய்வு பெற்ற அவர் பொது ஆடுகளம் ஒன்றில், தம் மனைவியாராகிய அக்கிராஃப் அம்மையாரோடு பந்தாடுகின்றார். பட்டமும் பரிசும் இல்லை. தந்தையாரும் பக்கத்தில் இல்லை. இன்னுஞ் சிறிது பொழுது ஆடவேண்டும் என்கின்றார் அவர்.