ரவுட்டரின் உடையவர் யார்?
கடம்பத்தூரில் ஒரு வீட்டுச் சுவரில் பச்சை விளக்கு மின்னத் தொங்கும் வைஃபை ரவுட்டர் யாருடையது என்ற கேள்விக்கு, அவ்வூருக்கு அதிகத் தொலைவில்லாத ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்து, உடையவர் எனப் போற்றப்படும் இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில் உடலுக்கு வகுத்த இலக்கணம் நல்ல உரைகல்லாகிறது. அறிவுள்ள ஒன்று எதைத் தாங்கி, ஆண்டு நடத்துகிறதோ, எது அதன் பொருட்டே இருக்கிறதோ (இந்நிலையைச் சேஷத்துவம் என்பர்), அதுவே அதன் உடல் என்பது அவ்விலக்கணம். முற்றுரிமை இறைவனுக்கே என்று கொண்ட ஆசாரியரின் கருத்தை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருத்துவது துணிச்சல்தான், ஆயினும் பொருந்துகிறது.

மின்சாரமும் மாதக் கட்டணமும் செலுத்தி ரவுட்டரைத் தாங்குபவர் வீட்டார். ஆளும் அதிகாரமோ, உலாவியில் 192.168.1.1 போன்ற உள்முகவரியைத் தட்டி, பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டிலுள்ள பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டுத் திறக்கும் நிர்வாகப் பக்கத்தில் இருக்கிறது. அவ்விரண்டும் 'அட்மின்' என்றே கிடந்தால் ஆள்பவர் வேறொருவராகலாம்: 2016இல் மிராய் என்னும் தீநிரல், ஆலையில் இட்ட கடவுச்சொற்களைக் கொண்டே கேமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் வசப்படுத்திப் பிற தளங்களைத் தாக்க ஏவியபோது, அக்கருவிகள் வாங்கியவர் வீட்டிலிருந்தபடியே பிறர்பொருட்டு உழைத்தன. எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொல்லுடன் இத்தகைய கருவிகளை விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது.