துண்டு போட்ட இடம்



பள்ளிவாசலிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் உங்களிடம் புகைவண்டியைப் பற்றிப் பேசப் புகுவது பொருத்தமா என்று சிலர் கேட்கக்கூடும். இடுக்கி மாவட்டத்தில் இன்றளவும் வண்டி ஓடும் இருப்புப்பாதை இல்லை. முன்னொரு காலத்தில் இருந்தது. 1902ஆம் ஆண்டில் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்றை அமைத்தார்கள். 1908இல் அதனை இரண்டடி அகலப் பாதையாக மாற்றினார்கள். தேயிலைப் பெட்டிகள் அவ்வழியே போய், கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூருக்குச் சென்றன. 1924 ஜூலை மாதத்துப் பெருவெள்ளம் அப்பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. பின்னர் எவரும் அதனை இடவில்லை. அது தேயிலைக்காக இட்ட பாதை. கொழுந்து பறித்தவர்களுக்காக இட்டதன்று.

ஆயினும் இன்று நம்மவருள் பலர் வண்டிப் பயணிகளாகிவிட்டனர். பிள்ளைகள் மதுரையில் படிக்கின்றனர். சிலர் அங்கே கடைகளில் பணி செய்கின்றனர். மலையை விட்டுப் போடிமெட்டின் கொண்டையூசி வளைவுகளில் இறங்கிப் போடியில் வண்டியேறுகின்றனர். அந்தப் போடி வண்டியின் கதையும் பொறுமைக்கு ஒரு பாடமே. 1928இல் வந்த பாதை, உலகப் போரின்போது 1942இல் பெயர்க்கப்பட்டது. போருக்குப் பின் மீண்டும் இடப்பட்டது. அகலப்பாதை வேலைக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. தேனி வரையில் 2022 மே மாதத்திலும், போடி வரையில் 2023 ஜூன் மாதத்திலும் வண்டி திரும்ப வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வண்டிக்காகக் காத்திருந்த மக்கள், வந்துவிட்ட வண்டி ஐந்து நிமிடம் தாமதித்தால் பல்லைக் கடிக்கின்றார்களே, இதனை என்னென்பது! நாமும் கடித்தவர்களே என்பதை ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

முன்பதிவு இல்லாத பெட்டியில் நாள்தோறும் நடப்பவை அனைவரும் அறிந்தவையே. ஒருவர் கைப்பேசியில் தாம் கேட்கும் பாட்டைப் பெட்டி முழுவதற்கும் தானம் செய்வார். ஒருவர் காலை நீட்டி எதிர்ப் பலகையில் வைப்பார். மற்றொருவர் யாரேனும் இடம் கேட்டுவிடுவரோ என்று கண்ணை மூடிக்கொள்வார். நிலையம் கடந்ததும் அந்த உறக்கம் தானாகவே கலையும். மூவர் அமரும் பலகையில் நான்காமவர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, ‘கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்’ என்பார். தள்ளுவோரும் உண்டு, தள்ளுவதுபோல் அசைந்துவிட்டு இருந்த இடத்திலேயே இருப்போரும் உண்டு.

இவற்றுள் நாம் பெரிதும் எண்ணிப்பார்க்க வேண்டியது துண்டு. வண்டி நிற்குமுன்பே சாளரத்தின் வழியாக ஒரு துண்டை உள்ளே எறிந்துவிட்டால் அவ்விடம் எறிந்தவருக்கு உரியதாம். இச்சட்டத்தை இயற்றியவர் எவரென்று தெரியவில்லை. எனினும் நாட்டின் சட்டங்கள் பலவற்றைக் காட்டிலும் இதற்கு மதிப்பு மிகுதி. இரண்டு மணி நேரத்திற்குமேல் நம்முடையதாக இராத ஒரு முழ நீளப் பலகையை ‘எனது’ என்று மனம் பற்றிக்கொள்ளும் வேகத்தைப் பார்த்தால், பகவன் புத்தர் உபாதானம் என்று பற்றைப் பெயரிட்டுச் சொன்னதன் கருத்து நூலைத் திறவாமலே விளங்கும். இன்னொன்றும் கூற வேண்டும். பள்ளி என்னும் சொல் முற்காலத்தில் பௌத்தர், சமணர்தம் உறைவிடங்களுக்கு வழங்கியது. அச்சொல் எந்த ஊர்ப் பெயரில் இருந்தாலும் உடனே அவ்வூரை நம்முடையதென்று உரிமை கொண்டாடுவோர் நம்முள் இருக்கின்றனர். அதுவும் சாளரத்தின் வழியே எறியும் துண்டேயாகும்.

துண்டினும் வியப்பானது கதவு. ஆண்டிபட்டியில் ஒருவர் படியில் தொங்கிக்கொண்டு, ‘ஐயா, சற்று உள்ளே போங்கள், நாங்களும் மனிதர்களல்லவா’ என்று கெஞ்சி ஏறுகின்றார். உசிலம்பட்டி வருகின்றது. படியில் புதிதாக ஒருவர் கால் வைக்கின்றார். முன்னே கெஞ்சியவர் இப்போது கதவை மறித்துக்கொண்டு, ‘இடமில்லை, அடுத்த பெட்டிக்குப் போ’ என்கின்றார். இடையில் கழிந்தது அரைமணிக்கும் குறைவான நேரம். அதற்குள் அவர் வேறொருவராகிவிட்டார்! கீழிருந்து ஏறிய ஒவ்வொருவரும் தமக்குக் கீழே ஒருவரை நிறுத்திவைப்பதனாலேயே சாதியின் படிக்கட்டு இடியாமல் நிற்கின்றது என்று பாபாசாகேப் அம்பேத்கர் பலகால் விளக்கினார். அதனை நாம் புத்தகத்தில் படித்துத் தலையாட்டுகின்றோம். வண்டியின் கதவருகில் நாமே நடத்திக் காட்டுகின்றோம்.

இது நம் மலையடிவாரத்திற்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழ்ப் பௌத்தம் வேரூன்றிய கோலார் தங்கவயலை எண்ணுங்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், அங்குள்ள நம்மவர் விடியுமுன் எழுந்து மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் வீடு திரும்புகின்றனர். வாழ்நாளின் ஒரு பகுதியை வண்டியிலேயே கழிக்கும் அவர்களுக்குத் தம்மம் பயன்பட வேண்டுமானால், அது நெரிசலில் நின்றுகொண்டும் பயன்பட வேண்டும்.

மஜ்ஜிம நிகாயத்தில் பகவன் ஒரு கதை கூறுகின்றார். சாவத்தி நகரில் வேதேகிகை என்றொரு செல்வச் சீமாட்டி இருந்தாள். சாந்தமானவள், அடக்கமானவள் என்று ஊரெல்லாம் புகழ். அவள் வீட்டு அடிமைப்பெண் காளி, தன் வேலையில் குறை வைக்காதவள். ‘எசமானியிடம் கோபம் இல்லையா, அல்லது என் வேலை ஒழுங்காயிருப்பதனால் அது வெளிப்படவில்லையா’ என்று காளிக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஒருநாள் நேரங்கழித்து எழுந்தாள். எசமானியின் முகம் சுளித்தது. மறுமுறை இன்னும் தாமதித்தாள், சுடுசொல் பிறந்தது. மூன்றாம் முறை கதவின் தாழ்க்கோலை எடுத்துக் காளியின் மண்டையை உடைத்துவிட்டாள். காளி இரத்தம் ஒழுக வெளியே வந்து, ‘சாந்தகுணவதியின் செயலைப் பாருங்கள்’ என்று அயலாரை அழைத்தாள்.

வண்டி நேரத்திற்கு வந்து, சாளரத்தோரம் இடமும் கிடைத்த நாளில் நாம் அனைவரும் வேதேகிகைகளே. இதனை உபதேசிகள் பலரும் சொல்வர். ஆனால் அக்கதையில் அவர்கள் கவனியாது விடும் ஒன்று உண்டு. பொறுமை தேர்வுக்கு உள்ளானது யாரிடத்தில்? அடிமையிடத்தில் அன்று, எசமானியிடத்தில். பொறுத்துப் போக வேண்டியவன் இடமில்லாதவனே என்று உலகம் நமக்குத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்தது. பகவனோ, இடம் உள்ளவளைத் தேர்வில் வைத்தார். ஆகவே வண்டியில் பொறுமை என்பது முதலில் அமர்ந்திருப்பவரின் கடமை. நின்றிருப்பவர் இடம் கேட்பது சீலத்திற்குக் குறையாகாது.

நெரிசலைப் பற்றி நாம் முணுமுணுக்கும்போது மற்றொன்றும் நினைவுக்கு வருகின்றது. 1901ஆம் ஆண்டில், ஏறக்குறைய பத்து வயதுச் சிறுவராயிருந்த அம்பேத்கர், தமையனுடனும் தமக்கையின் பிள்ளைகளுடனும் தந்தையைக் காணச் சாத்தாராவிலிருந்து புறப்பட்டார். புத்தாடை உடுத்து, நிலையத்தில் எலுமிச்சைப் பானம் வாங்கிக் குடித்து, மகிழ்ச்சியோடு வண்டியேறினார்கள். வண்டியில் வந்த வரையில் இன்னல் நேர்ந்ததாக அவர் எழுதவில்லை. மசூர் நிலையத்தில் இறங்கி நின்றபோது நிலைய அதிகாரி பரிவோடு விசாரித்தார். மகார்கள் என்று பிள்ளைகள் சொன்ன மாத்திரத்தில் அவர் முகம் மாறிற்று. இரட்டைக் கூலி தருவதாகச் சொல்லியும் மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்றிச்செல்ல இசையவில்லை. முடிவில் பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வந்தார். அன்று அந்தப் பிள்ளைகளைச் சுட்டது நெரிசலன்று, விலகல். முன்பின் அறியாதவர் தோளோடு தோள் இடிக்க நிற்பதை நாம் தொல்லை என்று சொல்லுமளவுக்குக் காலம் மாறியிருக்கின்றது என்றால், அத்தொல்லையைச் சற்று மரியாதையோடு ஏற்கலாம் அல்லவா?

ஆனால் எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும் என்று நாம் சொல்வதாகக் கொள்ளற்க. எதிரே அமர்ந்தவர் முதலில் ஊரைக் கேட்பார். பிறகு ‘அங்கே எந்தத் தெரு?’ என்பார். தெருவைக் கேட்பது எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஒருமுறை நம்மிடம் அவ்வாறு கேட்டவருக்கு, ‘எங்கள் மலையில் தெரு இல்லை, லயம்தான் உண்டு’ என்றோம். ‘லயத்தில் எந்தப் பக்கம்?’ என்று விடாமல் கேட்டார்! ‘நாங்கள் பௌத்தர்கள்’ என்றோம். சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். இக்கேள்விக்குக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. பொய் சொல்ல வேண்டியதுமில்லை. சிரித்து மழுப்பவும் வேண்டியதில்லை. கால் மிதிபட்டால் பொறுக்கலாம். மானம் மிதிபட்டால் அமைதியாக, தெளிவாக, அப்போதே மறுத்துரைப்பதுதான் நற்சொல்.

இவ்வளவும் பேசிய நாம் ஒன்றை மறைத்தல் தகாது. ஒரு வைகாசிப் பௌர்ணமியன்று மைத்திரியைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு, மறுநாட்காலை போடியில் வண்டியேறினோம். தேனியில் ஏறுவதாகச் சொன்ன அன்பர் ஒருவருக்காகப் பக்கத்தில் துண்டை விரித்து வைத்தோம். தேனி வந்தது, அன்பர் வரவில்லை. துண்டை எடுக்க மனம் வரவில்லை. காற்றாட அமர்ந்திருப்பது சுகமாயிருந்தது. ஆண்டிபட்டியில் ஒரு மூதாட்டி தலையில் சாக்குமூட்டையுடன் ஏறினார். துண்டைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நாம் சாளரத்திற்கு வெளியே பார்த்தோம். அவர் நகர்ந்து போய்விட்டார்.

சிறிது நேரம் கழிந்து மனம் உறுத்தவே, துண்டை எடுத்துத் தோளிலிட்டுக்கொண்டு அவரைத் தேடிச் சென்றோம். கதவருகே, கைகழுவும் தொட்டியின் கீழ், மூட்டையின்மேல் சாய்ந்து தரையில் அமர்ந்திருந்தார். ‘அம்மா, அங்கே இடமிருக்கிறது, வாருங்கள்’ என்றோம். அவர் நிமிர்ந்து பார்த்து, ‘இருக்கட்டும் சாமி, இந்தா உசிலம்பட்டி வந்துருச்சு’ என்றார். சாமி என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு உடம்பு கூசிற்று. மூட்டையை இறக்கக் கை கொடுத்தோம். அவர் இறங்கிப் போனார்.

திரும்பி வந்தபோது நம் பலகையில் புதியவர்கள் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் நம்மை ஏறிட்டுப் பார்த்து, ‘இடமில்லை’ என்றார்.