நாட்பழக்கமும் அயலானும்

மனிதன் நாள்தோறும் செய்யும் சிறு செயல்களே அவனை ஆக்குகின்றன என்பது எல்லாச் சமயத்தாருக்கும் ஒப்ப முடிந்த கொள்கை. விடியுமுன் எழுதல், வேதம் ஓதல், உண்ணுமுன் கடவுளுக்கு நன்றி கூறல், மாலையில் அன்றைய நடையை எண்ணிப் பார்த்தல், வருவாயில் ஒரு பகுதியைத் தருமத்திற்கு ஒதுக்கல் என்றிவ்வாறு கிறிஸ்தவ இல்லங்களில் வழங்கிவரும் பழக்கங்கள் பல. இவற்றைக் கைக்கொள்பவன் வளர்வான், கைவிடுபவன் தேய்வான் என்று ஞாயிறு பள்ளியில் எமக்குக் கற்பித்தார்கள். கற்பித்தவர்கள் நல்லவர்கள். ஆயினும் அவர்கள் கையிலிருந்த அதே நூலில், அக்கொள்கையை அடியோடு அசைத்துப் பார்க்கும் கதை ஒன்று உளது. அதனை நேருக்கு நேர் நோக்காமல் இப்பொருள் பற்றி எழுதுவது வீண் என்று கருதுகின்றோம்.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் பதினெட்டாம் அதிகாரத்தில், இயேசு கூறியதாக வரும் கதை அது. இருவர் ஜெபம் செய்ய ஆலயத்திற்குச் செல்கின்றனர். ஒருவன் பரிசேயன், மற்றவன் ஆயக்காரன். பரிசேயனிடத்தில் நற்பழக்கங்களுக்குக் குறைவில்லை. வாரத்தில் இருமுறை உபவாசம் இருக்கின்றான். வருவாய் அனைத்திலும் பத்தில் ஒரு பங்கு கொடுக்கின்றான். ஆயக்காரனோ வரி தண்டிப் பிழைப்பவன். தன் ஊராராலேயே வெறுக்கப்பட்டவன். அவனுக்கு யாதொரு நற்பழக்கமும் இருந்ததாகக் கதை கூறவில்லை. அவன் தூரத்தே நின்று, மார்பில் அடித்துக்கொண்டு, இரக்கம் வேண்டினான், அவ்வளவே. நீதிமானாக வீடு திரும்பியவன் அவனே என்று கதை முடிகின்றது.

கணக்கெழுதிப் பிழைக்கும் எம்போன்ற கிராணிமார் தொழிலால் அந்த ஆயக்காரனுக்கே உறவினர். ஆதலின் இக்கதையைக் கேட்குந்தோறும் எமக்குச் சிறிது மகிழ்ச்சி உண்டாவது இயல்பு. அம்மகிழ்ச்சி நெடுநேரம் நிற்பதன்று. ‘நல்லவேளை, யாம் அந்தப் பரிசேயனைப் போல் இல்லை’ என்று எண்ணிய கணமே, அவனுடைய ஜெபத்தையே யாமும் செய்து முடித்தவராகின்றோம்!

அங்ஙனமாயின் பழக்கங்களால் பயன் யாது? உபவாசம் குற்றமா? தருமம் குற்றமா? இரண்டும் அல்ல. பரிசேயனின் ஜெபத்தைக் கூர்ந்து நோக்கின், அதில் அயலான் ஒருவன் ஒரே ஒரு முறை வருவதைக் காணலாம். எங்ஙனம் வருகின்றான்? தன் உயரத்தை அளந்து பார்ப்பதற்கு நட்ட கோலாக வருகின்றான். பரிசேயனின் பழக்கம் அவனிடத்தே தொடங்கி அவனிடத்தே முடிந்தது. பக்கத்தில் ஒரு மனிதன் மார்பில் அடித்துக்கொண்டு அழுவது அவன் கண்ணில் பட்டது, உள்ளத்தில் படவில்லை. இதுவே இப்பொருளில் முடிச்சு. நாம் நாள்தோறும் செய்யும் நற்செயல் நம்மை எவரிடத்தே கொண்டு சேர்க்கின்றது என்று கேட்டறிந்தாலன்றி, அது வளர்ச்சியா வீக்கமா என்று சொல்ல இயலாது.

கிறிஸ்தவ சபையின் பெரியோர் இதனை அறியாதவர் அல்லர். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் துறவியர்க்கு ஒழுங்கு வகுத்த பெனடிக்ட் என்னும் ஆசீர்வாதப்பர், ஜெபத்திற்கும் வேலைக்கும் வாசிப்புக்கும் நேரம் குறித்ததோடு நில்லாமல், மடத்தின் பண்டகசாலைக்குப் பொறுப்பானவன் அங்குள்ள சட்டி பானை கருவிகளையெல்லாம் பீடத்துப் பூசைப் பாத்திரங்களைப் போலப் பேண வேண்டும் என்றும் விதித்தார். ஸ்டோர் சாவியைக் கையில் வைத்திருப்போர் இதைச் சிந்திப்பாராக.

லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சி நூலுக்கு 1548-இல் போப்பாண்டவர் ஒப்புதல் அளித்தார். அந்நூலில் அவர், ஒருவன் தன்பாலுள்ள ஒரு குற்றத்தைத் தேர்ந்துகொண்டு, பகலுணவுக்குப் பின்னும் இராவுணவுக்குப் பின்னும் அது எத்தனை முறை நிகழ்ந்தது என எண்ணி, கோடு கீறி அதன்மேல் புள்ளியிடச் சொல்கின்றார். இஃது எம்போன்றோர்க்கு மிகவும் பிடித்த முறை. செக்ரோல் எழுதியே பழகிய கைகள் அல்லவா? ஆனால் நாள் முழுவதையும் ஆராயும் பொதுச் சோதனைக்கு அவர் வகுத்த வரிசையில் முதலில் நிற்பது குற்றம் அன்று; பெற்ற நன்மைகளுக்கு நன்றி. வரவை முதலில் எழுதிச் செலவைப் பின்னர் எழுதும் கணக்கு அது. பிறரிடமிருந்து தான் பெற்றதை முதலில் எண்ணுபவன் பரிசேயனைப் போல் நிமிர்ந்து நிற்பது அரிது. அவருடைய தோழர் சவேரியார் 1542 முதல் முத்துக்குளித்துறையில் பரவ மக்களுக்கு ஜெபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்வித்ததும், 1545-இல் மலாக்காவுக்கு வந்ததும் நம்மவர் பலரும் அறிந்ததே.

மெதடிஸ்டு சபையின் முதல்வரான ஜான் வெஸ்லியைப் பற்றிச் சற்று விரித்துக் கூற விரும்புகின்றோம். அச்சபையார் 1885-இல் சிங்கப்பூருக்கு வந்து, மறு ஆண்டே பள்ளிக்கூடம் திறந்தனர். இந்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுள் பலர் ஆங்கிலம் பயின்றதும் அவர்களுடைய பள்ளிகளிலேதான். வெஸ்லி 1703-இல் இங்கிலாந்தில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் அவரும் அவர் தம்பி சார்லசும் நண்பர்களும் நேரம் குறித்து ஜெபித்தும், உபவாசம் இருந்தும், சிறைப்பட்டோரைச் சென்று கண்டும் வாழ்ந்ததைப் பார்த்துப் பிற மாணவர் எள்ளிநகையாடி இட்ட பெயர்தான் ‘மெதடிஸ்டு’ என்பது. முறைக்காரர் என்று பொருள். ஏளனமாய் இட்ட பெயரே ஒரு சபையின் பெயராய் நிலைத்தது. வெஸ்லி அதிகாலை நான்கு மணிக்கு எழுபவர்; மணிக்கு மணி தாம் செய்ததைக் குறித்து வைத்தவர். ஆயினும் எம்மைப் பிடித்து நிறுத்துவது அவருடைய நாட்குறிப்பு அன்று, சம்பளக் கணக்கே.

தம் முதுமையில் எழுதிய ஒரு பிரசங்கத்தில் அவர் அக்கணக்கைப் பெயர் சுட்டாமல், அவ்விளைஞருள் ஒருவன் செய்ததாகக் கூறுகின்றார். அவ்வொருவன் அவரே என்பது பலர் துணிபு. முதலாண்டு வருவாய் 30 பவுன். 28 பவுனில் வாழ்ந்து 2 பவுனைக் கொடுத்தான். மறு ஆண்டு வருவாய் 60. அதே 28-இல் வாழ்ந்து 32-ஐ ஏழைகளுக்கு ஈந்தான். மூன்றாம் ஆண்டு 90, கொடுத்தது 62. நான்காம் ஆண்டு 120, கொடுத்தது 92. செலவு அதே 28.

பத்தில் ஒன்று என்னும் பரிசேயனின் கணக்கோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்று கொடுப்பவனுக்கு வருவாய் பெருகப் பெருகத் தன் பங்கும் பெருகும். கொடுத்தோம் என்ற நிறைவும் பெருகும். வெஸ்லியின் கணக்கிலோ மாறாமல் நிற்பது தன் பங்கு. வளர்வது அயலானின் பங்கு. சம்பளம் உயர்ந்த மாதமே தவணைக்குப் புதுக் காரும் பெரிய தொலைக்காட்சிப் பெட்டியும் வாங்கி, அடுத்த உயர்வு எப்போது என்று காத்திருக்கும் நமக்கு இது கடினமான பாடம். பிள்ளை குட்டிகள் உள்ளவன் 28 பவுனோடு நின்றுவிட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, வெஸ்லி அப்போது தனியாள். ஆயினும் நம் தேவைக்கு ஒரு வரம்பை, அது எவ்வளவாயினும், சம்பளம் உயருமுன்பே குறித்து வைப்பது குடும்பஸ்தனுக்கும் கூடியதே. உயர்ந்த பிறகு குறிக்கப் புகுந்தால் வரம்பு உயர்ந்த இடத்திலேதான் விழும்.

இனி, ஒன்றையே நாள்தோறும் செய்வதால் மனம் மரத்துப் போகாதா என்பாரும் உளர். இதற்கு விடையை இந்நாட்டு மண்ணிலிருந்தே கூறலாம். தென் அமெரிக்கக் காடுகளில் இரப்பர் மரத்தைச் சிறு கோடரியால் கொத்திப் பாலெடுத்தனர், மரம் புண்பட்டது. சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராய் 1888-இல் வந்த ரிட்லி துரை, பழைய வெட்டையே மெல்லிய சீவலாய்த் திரும்பத் திரும்பச் சீவினால் மரம் கெடாமல் பால் மிகுதியாய் வருவதைக் கண்டறிந்தார். முதல் நாள் வெட்டில் பால் அதிகம் வருவதில்லை. சீவச் சீவ ஊற்று திறந்துகொள்ளும். அதற்காக ஒரே நாளில் ஆழ வெட்டினாலோ பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். செம்பனை மிகுந்துவிட்ட இந்நாளிலும் மரம் வெட்டிப் பழகிய நம் பெரியோருக்கு இதை யாம் விளக்க வேண்டுவதில்லை. புத்தாண்டு ஜெபக் கூட்டத்தில் பத்துப் பொருத்தனைகளை ஒருங்கே செய்துவிட்டு, தை பிறக்குமுன் அனைத்தையும் கைவிடுவோர் கோடரிக்காரர் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

ஆனால் பால் விழுவதற்குக் கோப்பை வேண்டும். ஒரு கிராணியைக் கொள்வோம். அவர் நாலரைக்கு எழுகின்றார். மூன்று அதிகாரம் வாசிக்கின்றார். முழங்காலில் நின்று ஜெபிக்கின்றார். பின்னர் அலுவலகம் சென்று, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதால் சிறிது பிந்தி வந்த தாய்க்குக் காரணமும் கேளாமல் அரைநாள் சம்பளத்தை வெட்டுகின்றார். சட்டத்தில் இடமிருக்கலாம். அந்த மூன்று அதிகாரங்களுக்கு அவர் உள்ளத்தில் இடம் எங்கே இருந்தது?

எம் தொழிலில் கைக்கொள்ளத்தக்க பழக்கம் ஒன்று கூறுவோம், மிகச் சிறியது. ஒருவர் பெயரை எழுதுமுன் அவர் வாயால் அதைச் சொல்லக் கேட்டு, எழுதியதைப் படித்துக் காட்டுதல். நம் பாட்டன்மார் பெயர்கள் எழுதுவோர் அவசரத்தில் எத்தனை வகையாகச் சிதைந்தன! பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர் என்றாகி, முதுமையில் தமக்குரிய பணத்தைப் பெற அலைந்தோரை யாம் கண்டிருக்கின்றோம். இன்று இந்நாட்டுத் தோட்டங்களில் உழைப்போருள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் பலர். அன்று நம்மவர்க்கு நேர்ந்தது இன்று அவர்களுக்கு நம்மவர் கையால் நேரலாகாது. ஒரு பெயருக்கு ஒரு நிமிடம் செல்லும். அந்த ஒரு நிமிடத்தை ஜெபத்தோடு சேர்த்து எண்ணலாமா என்றால், எண்ணலாம் என்றே கூறுவோம். பாரிசு நகரத்து மடம் ஒன்றில் சமையற்கட்டில் உழைத்து 1691-இல் இறந்த சகோதரர் லாரன்ஸ், தமக்கு ஜெப வேளையும் வேலை வேளையும் வேறல்ல என்று கருதி வாழ்ந்தவர். சமையல் வேலையோ அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத ஒன்று!

இங்ஙனம் சொன்னால், ஜெபத்தை விட்டுத் தொண்டு மாத்திரம் போதும் என்கின்றீரா என்று சபைப் பெரியோர் எம்மை வினவக் கூடும். அப்படிச் சொல்லவில்லை. கடவுளிடத்து அன்பையும் அயலானிடத்து அன்பையும் இயேசு அடுத்தடுத்தே வைத்தார். ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ள எவருக்கும் உரிமை தரவில்லை. எமக்குக் கவலையெல்லாம் தனியறையும் ஓய்வும் உள்ளவர்க்கே இப்பழக்கங்கள் கூடும் என்ற எண்ணத்தைப் பற்றியதே. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடும் தாய்க்கு எந்த வேளையில் தியானம்?

வெஸ்லியின் தாயார் சூசன்னாவுக்கும் இதே இடர்ப்பாடு இருந்தது. பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றுப் பத்துப் பேரை வளர்த்தவர். கடன் தொல்லை ஓயாத வீடு. 1709-இல் வீடும் தீக்கிரையாயிற்று. அந்நிலையில் அவர் அமைத்துக்கொண்ட ஒழுங்கு, மாலைதோறும் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்து உட்கார வைத்துப் பேசுவது. 1712-இல் தம் கணவருக்கு எழுதிய கடிதத்தில் எந்தக் கிழமை எந்தப் பிள்ளைக்கு என்று குறித்திருக்கின்றார். வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்லசுக்கு, ஞாயிறு இரு பெண்களுக்கு. அவ்வேளையில் அவர் செய்ததெல்லாம் ஒரு பிள்ளையின் பேச்சைக் கேட்டதும், அதனோடு அதன் உள்ளத்தைப் பற்றி உரையாடியதுமே.

இருபது ஆண்டுகள் கழிந்தன. ஜான் ஆக்ஸ்போர்டுக் கல்லூரியில் ஆசிரியரானார். முறைக்காரர் என்று பெயர் வாங்கினார். நான்கு மணிக்கு எழுந்தார். புள்ளியும் கோடும் இட்டார். 1732-இல் அவர் தாயாருக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்னர் வியாழக்கிழமை மாலையில் தமக்கென ஒதுக்கிய அந்தச் சிறு வேளையை இப்போதும் தமக்கு அளிக்க இயலுமா என்று அதில் கேட்டிருந்தார்.