கையெழுத்தில்லாத மனுக்கள்

1797-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகள், தாங்கள் மதித்த முதிய தளபதி ஹோ பிரபுவுக்கு மனுக்கள் அனுப்பினார்கள். எதிலும் கையெழுத்தில்லை. பெயரைப் போட்டிருந்தால், ஒன்பது பிரிச் சாட்டை முதுகில் இறங்கியிருக்கும். பெயரில்லாததால் யாரோ ஒருவனின் விஷமம் என்று நினைத்துவிட்டார் பிரபு!

அப்படியென்ன பெரிதாகக் கேட்டுவிட்டார்கள்? நூறாண்டுக்கு மேலாக உயராத சம்பளம் உயர வேண்டும். உணவில் ஒரு பவுண்டு எடை என்றால் 16 அவுன்ஸ். கப்பல் பண்டகக்காரர் 14 அவுன்ஸ்தான் நிறுத்துப் போடுவார், அது சரியாக வேண்டும். நோயாளிக்குக் கவனிப்பு வேண்டும்.

பதில் வரவில்லை. ஏப்ரல் 16 அன்று ஸ்பிட்ஹெட் என்ற கடற்படைத் துறையில் கப்பல்கள் நங்கூரம் எடுக்க மறுத்தன. கப்பலுக்கு இருவராகப் பிரதிநிதிகள் கூடினார்கள். எதிரியான பிரெஞ்சுக் கப்பற்படை கடலில் இறங்கினால் உடனே புறப்படுவோம் என்றும் சொன்னார்கள். சாட்டையே கூடாது என்று அவர்கள் கேட்கவில்லை; கொடுமைக்கார அதிகாரிகளை இறக்குங்கள் என்றார்கள். அந்த நிதானத்துக்கு முன் அரசு பணிந்தது. சம்பளம் உயர்ந்தது, அரச மன்னிப்பும் கிடைத்தது. மனுக்களை ஒதுக்கிய அதே ஹோதான் நேரில் வந்து சமாதானம் பேசினார்.

அடுத்து நோர் துறையில் கிளர்ந்தெழுந்த மாலுமிகளுக்கு அந்தக் கருணை இல்லை. தலைவர் ரிச்சர்ட் பார்க்கரை ஜூன் 30-இல் கப்பலிலேயே தூக்கிலிட்டார்கள். சாட்டையடியை அமைதிக்காலத்தில் நிறுத்திவைக்கவே 1871 ஆயிற்று.